விக்டோரியா காலக் கிராமப் பள்ளிக் கட்டடத்துக்கு அந்த வடிவம் எப்படி வந்தது?

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விக்டோரியா அரசியின் காலத்தில் (1837–1901) எழுந்த கிராமப் பள்ளிக் கட்டடங்களைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். அவை ஏன் சிறிய தேவாலயங்களைப் போல இருக்கின்றன? சன்னல்கள் ஏன் பிள்ளைகளின் தலைக்கு மேலே இருக்கின்றன? வகுப்புக்கு ஓர் அறை என்றில்லாமல் ஏன் ஒரே நீண்ட கூடமாகக் கட்டினார்கள்? சுருக்கமான விடை இதுதான்: வெளித்தோற்றத்தை நிலமும் பணமும் கொடுத்தவர்கள் தீர்மானித்தார்கள், உள்ளமைப்பை, எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை ஆசிரியர்கள் என்ற கணக்கு தீர்மானித்தது. இந்தக் கட்டடங்களைப் பற்றி எழுதுவோர் பலரும் கூர்முனை வளைவுகளையும் மணிக்கூண்டையும் வர்ணிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். உள்ளமைப்பைப் புரிந்துகொள்ளாமல் இக்கட்டடங்களைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் உறுதியான கருத்து. ஆகவே அதற்கே அதிக இடம் ஒதுக்குகிறேன்.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலக் கிராமங்களில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று தனிக் கட்டடம் இருப்பது அரிது. தேவாலயத்தின் ஒரு மூலையிலும், களஞ்சியத்திலும், ஒரு மூதாட்டியின் சமையலறையிலும் பாடம் நடந்தது. ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சார்ந்த தேசியக் கல்விச் சங்கம் 1811இல் தோன்றியது. அதற்குப் போட்டியாக, திருச்சபைப் பிரிவு பாராத பிரிட்டிஷ் பள்ளிச் சங்கமும் அதே காலத்தில் வளர்ந்தது. அரசு 1833இல்தான் முதன்முறையாகப் பள்ளிக் கட்டடங்களுக்கென 20,000 பவுண்டு ஒதுக்கியது. அதையும் நேரடியாகச் செலவிடாமல், இந்த இரு சங்கங்களின் வழியே, கட்டுமானச் செலவில் பாதியை ஊரார் திரட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்தது. கிராமத்தில் அந்தப் பாதியைத் திரட்டக்கூடியவர்கள் இருவர்: குருவானவர், பெருநிலக்கிழார். பள்ளிக்காக ஓர் ஏக்கர் வரை நிலம் கொடுப்பதை 1841ஆம் ஆண்டின் பள்ளி நிலச் சட்டம் எளிதாக்கியது. கொடுத்த நிலம் பெரும்பாலும் தேவாலயத்துக்குப் பக்கத்திலோ, பிரபுவின் மாளிகைக்குச் செல்லும் சாலை ஓரத்திலோ அமைந்தது. தேவாலயத்தைப் புதுப்பித்த அதே கட்டடக் கலைஞரிடமே பள்ளியின் வரைபடமும் கேட்கப்பட்டது. தேவாலயச் சாயலுக்கு அடிப்படைக் காரணம் இவ்வளவுதான். அந்தச் சாயலுக்குள் நிகழ்ந்த நுட்பங்களுக்குப் பிறகு வருகிறேன்.

கூடத்தின் கதை சென்னையில் தொடங்குகிறது. ஸ்காட்லாந்துக்காரரான ஆண்ட்ரூ பெல் என்ற குருவானவர், எழும்பூரில் இயங்கிய ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிக்கு 1789இல் மேற்பார்வையாளரானார். படைவீரர்களின் பிள்ளைகள் படித்த அந்த விடுதியில் நல்ல ஆசிரியர்கள் கிடைக்கவில்லை. அந்த நிலையில், நம் ஊர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுத்துப் பழகுவதைப் பெல் கண்டார். அந்த முறையைத் தம் விடுதியில் புகுத்தினார். உதவி ஆசிரியர்கள் அதற்கு ஒத்துழைக்காதபோது, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலையை ஒரு முழுப் பள்ளிக்கும் ஒழுங்குமுறையாக விரித்ததே அவர் செய்த காரியம். 1796இல் நாடு திரும்பிய பெல், மறுஆண்டு தம் அனுபவத்தை நூலாக வெளியிட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர்பெற்றது. தேசியக் கல்விச் சங்கம் அம்முறையைத் தன் பள்ளிகளுக்கு விதியாக ஏற்றுக்கொண்டது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் பெல் விட்டுச்சென்ற பணத்தில் நிறுவப்பட்ட பள்ளி இன்றும் ‘மெட்ராஸ் கல்லூரி’ என்ற பெயரையே தாங்கி நிற்கிறது.

இந்த முறைக்குத் தேவைப்பட்ட கட்டடம் எத்தகையது? ஒரே ஆசிரியர், அவர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் எல்லாப் பிள்ளைகளும் இருக்க வேண்டும். பாடம் சொல்பவர்கள் மூத்த மாணவர்கள். அவர்களைச் சுற்றிச் சிறு குழுக்கள் நிற்க வேண்டும். ஆகவே தடுப்புச் சுவர் எதுவும் கூடாது. பெல்லின் முறையில், எழுதுவதற்கான சாய்மேசைகள் சுவரை ஒட்டி அமைந்தன. எழுதும் நேரத்தில் பிள்ளைகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நடுத்தளம் வெறுமையாக விடப்பட்டது. அங்கே ஒவ்வொரு குழுவும் சதுர வடிவில் நின்று வாசித்தது. லண்டனில் ஜோசப் லங்காஸ்டர் உருவாக்கி, பிரிட்டிஷ் பள்ளிச் சங்கம் பின்பற்றிய முறையில் இந்த ஏற்பாடு தலைகீழானது: மேசைகள் நடுவில் வரிசை வரிசையாக ஆசிரியரை நோக்கின, வாசிக்கும் குழுக்கள் பக்கச் சுவர்களின் ஓரமாக அரைவட்டமாக நின்றன. புத்தகம் வாங்கப் பணமில்லாததால், பெரிய எழுத்தில் அச்சிட்ட பாட அட்டைகள் சுவரில் தொங்கின; ஓர் அட்டையைச் சுற்றி எட்டுப் பத்துப் பேர் நின்று படித்தார்கள்.

சன்னல் ஏன் உயரத்தில் இருக்கிறது என்பதற்கான விடை இங்கேதான் இருக்கிறது. பிள்ளைகள் வெளியே வேடிக்கை பார்க்கக் கூடாது என்பதற்காக உயர்த்தினார்கள் என்று அருங்காட்சியகங்களில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த எண்ணமும் அக்காலத்தில் இருந்தது உண்மை. ஆனால் முதல் காரணம் சுவர்தான். ஒரு சங்கத்தின் பள்ளியில் சுவரில் மேசை பொருத்த வேண்டும். மற்றதில் பாட அட்டை தொங்கவிட வேண்டும். எந்த முறையானாலும், தரையிலிருந்து ஓர் ஆள் உயரம் வரை சுவர் காலியாக இருந்தே தீர வேண்டும். பிரிட்டிஷ் பள்ளிச் சங்கத்தின் கையேடு, சன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து குறைந்தது 6 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்று கூறிவிட்டு, கீழேயுள்ள சுவர் பாட அட்டைகளுக்கு வேண்டும் என்ற காரணத்தையும் சேர்த்தே சொன்னது. அந்தக் கற்பித்தல் முறை மறைந்த பின்னும், உயரமான சன்னல் மட்டும் வழக்கமாக நிலைத்துவிட்டது. காரணம் மறந்துபோன வழக்கத்துக்குப் பிற்காலத்தார் தங்களுக்குத் தோன்றிய ஒழுக்கக் காரணத்தைப் பொருத்திக்கொண்டார்கள் என்றே நான் கருதுகிறேன்.

லங்காஸ்டரின் அளவுகளின்படி கட்டப்பட்ட கூடம் ஒன்றை இன்றும் முழுமையாகக் காண வேண்டுமானால், ஹார்ட்ஃபோர்டுஷயரில் உள்ள ஹிட்சின் என்ற சிறு நகரத்துக்குச் செல்ல வேண்டும். 1837இல், விக்டோரியா அரியணை ஏறிய அதே ஆண்டில், 300 சிறுவர்களுக்காகக் கட்டப்பட்ட கூடம் அது. இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. கிராமப் பள்ளிகள் இதே அமைப்பின் சுருக்கமே.

சட்டாம்பிள்ளைகளை நம்பிய முறையின் குறைகள் 1840களில் வெளிப்படத் தொடங்கின. எட்டு வயதுப் பிள்ளை சொல்லிக்கொடுத்தது, ஏழு வயதுப் பிள்ளைக்கு ஒப்புவிக்க மட்டுமே பயன்பட்டது. அரசின் கல்விக் குழு 1839இல் அமைக்கப்பட்டது. அதன் முதல் செயலாளரான ஜேம்ஸ் கே-ஷட்டில்வொர்த் 1846இல் ஒரு மாற்று ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். 13 வயது நிறைந்தவர்களை ஐந்தாண்டுக் காலம் ஆசிரியப் பயிற்சியாளர்களாக எடுத்துக்கொண்டு, 25 பிள்ளைகளுக்கு ஒருவர் வீதம் மானியம் தருவது அதன் சாரம். இப்போது ஒரே கூடத்தில் ஓர் ஆசிரியரும் இரண்டு மூன்று பயிற்சியாளர்களும் ஒரே நேரத்தில் உரக்கப் பாடம் நடத்துகிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு குழு. ஆனால் தலைமையாசிரியரின் கண்ணிலிருந்து யாரும் மறையக் கூடாது. வெறுமையான நடுத்தளமும் உதவாது, முழுத் தடுப்புச் சுவரும் உதவாது.

இந்தச் சிக்கலுக்குக் கல்விக் குழு 1851இல் ஓர் அறிக்கையில் கொடுத்த தீர்வுதான், இன்று நாம் காணும் பெரும்பாலான கிராமப் பள்ளிகளின் அளவை நிர்ணயித்தது. ஒரு நீண்ட சுவரின் ஓரமாக மேசைகளையும் பெஞ்சுகளையும் குழுக்களாக வைக்க வேண்டும்; ஒவ்வொரு குழுவிலும் மூன்று வரிசைகளுக்கு மேல் கூடாது. குழுக்களுக்கு இடையே வேண்டும்போது இழுத்துக்கொள்ளத் திரைச்சீலை தொங்க வேண்டும். எதிர்ச்சுவரின் பக்கம் ஆசிரியர்கள் நின்று பேசவும், பிள்ளைகள் எழுந்து நின்று வாசிக்கவும் இடம் விட வேண்டும். மூன்று வரிசை மேசையின் ஆழத்தையும் ஆசிரியர் நிற்கும் தூரத்தையும் கூட்டிப் பார்த்தால், கூடத்துக்குப் பொருத்தமான அகலம் 16 முதல் 20 அடி வரை என்று அறிக்கை கூறியது. அகலம் நிலையானது, பிள்ளைகள் கூடினால் நீளம் மட்டுமே கூடும். நீண்டு ஒடுங்கிய அந்தக் கூடம் தேவாலயத்தின் நடுக்கூடத்தை நினைவூட்டினாலும், அதன் அளவு மூன்று வரிசைப் பெஞ்சுகளிலிருந்து பிறந்தது. எங்கேனும் ஒரு பழைய கிராமப் பள்ளியைப் பார்க்க நேர்ந்தால், முகப்பைப் பார்ப்பதற்கு முன் உள்ளே அகலத்தை அளந்து பாருங்கள். ஆசிரியப் பயிற்சியாளர் காலத்தில் கட்டியதென்றால், அளவு பெரும்பாலும் இந்த எல்லைக்குள் வரும்.

தச்சர்களுக்கும் இந்த அளவு வசதியாக இருந்தது. 16 முதல் 20 அடி இடைவெளியை நடுவில் தூண் இல்லாமல், கிடைக்கக்கூடிய சாதாரண மரத்தைக் கொண்டே கூரையிட்டுவிடலாம். கூரையின் பாதி உயரத்தில் குறுக்குக்கட்டை பூட்டிய கைமரங்கள் ஒரு வகை. கத்தரிக்கோல் விரிந்ததுபோல ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் சாய்கட்டைகள் இன்னொரு வகை. உட்கூரை போடாமல் மரச்சட்டங்களை அப்படியே தெரிய விட்டார்கள். இடைக்காலத் தேவாலயங்களின் கூர்முனை வளைவுப் பாணியான கோதிக்கை மீட்டெடுத்தவர்கள், கட்டுமானத்தை மறைக்காமல் காட்ட வேண்டும் என்று கொண்ட கொள்கைக்கு அது பொருந்தியது; உட்கூரைச் செலவும் மிஞ்சியது.

செங்குத்தான கூரைக்கு இன்னொரு பயனும் உண்டு. அதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். 1862ஆம் ஆண்டின் திருத்தப்பட்ட கல்வி விதித்தொகுப்பு, மானியம் பெறும் பள்ளியில் ஒரு பிள்ளைக்குக் குறைந்தது 80 கன அடி உள்வெளி இருக்க வேண்டும் என்றது. 8 சதுர அடித் தரையும் 10 அடி உயரமும் இருந்தால் அந்த அளவு வந்துவிடும். 60 பிள்ளைகளுக்கு 20 அடி அகலம், 24 அடி நீளமுள்ள கூடம் கட்டுவதாகக் கொள்வோம். தேவை 4,800 கன அடி. சுவர்களை 9 அடி மட்டுமே உயர்த்தி, அதன்மேல் 12 அடி உயரத்துக்குச் சாய்கூரை போட்டால், உள்ளே 7,200 கன அடி காற்று கிடைக்கும். தேவையைவிட ஒன்றரை மடங்கு! தாழ்ந்த சுவரும் ஓங்கிய கூரையும் பக்தித் தோற்றத்துக்காக மட்டும் அமைந்தவை அல்ல என்பதை இந்த ஒரு கணக்கே காட்டும். நாள் முழுவதும் ஈர உடையோடு அறுபது பிள்ளைகள் மூச்சுவிடும் அறையில் அந்தக் கூடுதல் காற்று எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். கெட்ட காற்று வெளியேற முகட்டில் துளைகள் விட்டார்கள். கூரை உச்சியில் நிற்கும் மணிக்கூண்டு பல இடங்களில் காற்றுப்போக்கியாகவும் வேலை செய்தது.

ஆனால் வெப்பமும் மேலேதான் போகும். கூடத்தின் ஒரு முனையில் திறந்த கணப்பு. அதனருகே ஆசிரியரின் இருக்கை. மறுமுனையில் நடுங்கும் பிள்ளைகள் என்பதே பல பள்ளிகளின் நிலை. பிற்பாடு இரும்பு அடுப்புகள் வந்தன. எசெக்ஸ் மாவட்டத்து ஹால்ஸ்டெட்டில் போர்ட்வே நிறுவனம் வார்த்த ‘டார்ட்டாய்ஸ்’ அடுப்பு அவற்றுள் புகழ்பெற்றது. மெதுவாக, ஆனால் உறுதியாக எரியும் என்ற வாசகத்தோடு ஆமை உருவத்தையும் அதன் மேல் பொறித்திருப்பார்கள். பள்ளிக் குறிப்பேடு ஒன்றைத் தலைமையாசிரியர் எழுதிவர வேண்டும் என்பதும் 1862 விதித்தொகுப்போடு வந்த கடமையே. அடுப்பு எப்போது வந்தது, கூரை எப்போது ஒழுகியது, எந்தச் சன்னலைத் தாழ்த்தினார்கள் என்பதையெல்லாம் தேட விரும்புவோருக்கு, வரைபடங்களைவிட இந்தக் குறிப்பேடுகள் சிறந்த ஆவணங்கள்.

சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு வேறோர் அமைப்பு தேவைப்பட்டது. சாமுவேல் வில்டர்ஸ்பினும் கிளாஸ்கோவைச் சேர்ந்த டேவிட் ஸ்டோவும் பரப்பிய படியிருக்கை அது. கூடத்தின் ஒரு முனையிலோ, ஒட்டிய சிறு வகுப்பறையிலோ, அகன்ற மரப்படிகள் ஒன்றன்மேல் ஒன்றாக உயரும். பிள்ளைகள் அதில் நெருங்கி அமர்ந்தால், ஒவ்வொரு முகமும் ஆசிரியருக்குத் தெரியும், ஆசிரியர் கையில் பிடித்திருக்கும் படமும் எல்லோருக்கும் தெரியும். வில்டர்ஸ்பின் தாமே பாடம் நடத்திய பள்ளி ஒன்று, 1845இல் திறக்கப்பட்டது, பார்ட்டன்-அப்பான்-ஹம்பரில் இன்றும் இருக்கிறது. ஹிட்சினில் 110 சிறுவர்கள் அமரும் படியிருக்கை அறை 1853இல் சேர்ந்தது. கிராமங்களில் இந்தப் படிகளை ஏறக்குறைய எல்லா இடங்களிலும் பெயர்த்துவிட்டார்கள். சுவர்ப் பலகையில் படிப்படியாக ஏறும் வெட்டுத் தடமோ, பொருத்தமில்லாத உயரத்தில் நிற்கும் ஒரு சன்னலோ மட்டும் சில இடங்களில் எஞ்சியிருக்கும்.

இனி வெளித்தோற்றத்துக்கு வருவோம். 1830களிலும் 40களிலும், 16ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கட்டடங்களைத் தழுவிய டியூடர் பாணியே விரும்பப்பட்டது: கல்சட்டமிட்ட சதுரச் சன்னல்கள், செதுக்கிய விளிம்புப் பலகையோடு கூடிய முக்கோண முகப்புகள், உயர்ந்த புகைபோக்கிகள். இது தேவாலயச் சாயல் அல்ல. பழைய தரும விடுதிகளின் சாயல். ஏழைகளுக்கு உதவும் நிறுவனம் என்பதை அந்தத் தோற்றமே ஊருக்குச் சொல்லியது. ஹென்றி கெண்டல் 1847இல் பள்ளிகளுக்கென வெளியிட்ட வடிவமைப்பு நூல் போன்றவை இதைப் பரப்பின. இதற்கிடையே கோதிக் மறுமலர்ச்சியின் முன்னோடிக் கட்டடக் கலைஞரான பியூஜின், வூஸ்டர்ஷயரின் ஸ்பெச்லியில் 1841இல் ஒரு சிறு கத்தோலிக்கப் பள்ளியை வடிவமைத்தார். 1850களிலிருந்து கோதிக் ஓங்கியது. வில்லியம் பட்டர்ஃபீல்டு யார்க்ஷயரின் பால்டர்ஸ்பி செயின்ட் ஜேம்ஸில் டவுன் பிரபுவுக்காகத் தேவாலயம், குருமனை, பள்ளி, தொழிலாளர் குடில்கள் அனைத்தையும் ஒரே குடும்பமாகக் கட்டினார். தேவாலயத்துக்குத்தான் கோபுரமும் செதுக்கலும். பள்ளிக்கும் குடில்களுக்கும் செங்கல்லும் கூரைச் சரிவும் போதும் என்ற படிநிலை அங்கே தெளிவாகத் தெரிகிறது.

1850இல் ஆக்ஸ்ஃபோர்டு மறைமாவட்டக் கட்டடக் கலைஞரான ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட்டும் இதே வழியில் சென்றார். இவர்களின் பள்ளிகளில் அலங்காரம் மிகக் குறைவு. சன்னல் எங்கே தேவையோ அங்கே, எவ்வளவு தேவையோ அவ்வளவு, இரண்டு மூன்றாகச் சேர்ந்து நிற்கும். ஸ்ட்ரீட்டின் அலுவலகத்தில்தான் ஃபிலிப் வெப்பும் வில்லியம் மாரிஸும் பணிபுரிந்தார்கள். பின்னாளில் அவ்விருவரும் முன்னோடிகளாக விளங்கிய, கைவினைக் கலை இயக்கம் என்று புகழ்பெற்ற எளிய இல்லக் கட்டடக் கலைக்கு, பெரிய தேவாலயங்களைவிட இந்தச் சிறு பள்ளிகளும் குருமனைகளுமே வித்திட்டன என்று கட்டடக்கலை வரலாற்றாசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதில் முழு உடன்பாடு உண்டு. பணம் குறைவாக இருந்ததால்தான் அந்தக் கட்டடங்கள் அவ்வளவு நேர்த்தியாக வந்தன.

கட்டுப்பொருள் பெரும்பாலும் உள்ளூரில் கிடைப்பதே. காட்ஸ்வோல்டு பகுதியில் தேன்நிறச் சுண்ணாம்புக்கல். நார்ஃபோக்கிலும் சசெக்ஸிலும் சிக்கிமுக்கிக் கல்லும், அதன் மூலைகளைக் கட்டச் செங்கல்லும். களிமண் நிலங்களில் பல நிறச் செங்கல் வரிகள். இரயில் வந்தபின் வேல்ஸ் நாட்டுச் சிலேட்டுக் கல் எல்லா ஊர்க் கூரைகளிலும் ஏறியது.

கூடத்தோடு ஆசிரியர் வீட்டையும் ஒட்டிக் கட்டுவது பொதுவான வழக்கம். வரவேற்பறை, சமையலறை, பாத்திரம் துலக்கும் அறை, மூன்று படுக்கையறைகள் என்பது அரசு எதிர்பார்த்த அளவு. ஒரு மாடி கொண்ட வீடு, மாடியில்லாத நீண்ட கூடம், அதிலிருந்து பக்கவாட்டில் நீளும் சிறு வகுப்பறை, முன்னால் துருத்தும் வாயில் மண்டபம் என நான்கு வெவ்வேறு உயரங்கள் ஒரே கட்டடத்தில் சேரும். இவற்றின் கூரைகளைச் சந்திக்க வைப்பதில்தான் வடிவமைத்தவரின் திறமை தெரியும். கிராமப் பள்ளியின் அழகு என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு இதுதான். சிறுவர்க்கும் சிறுமியர்க்கும் தனித்தனி வாயில்கள், அவற்றின் மேல் கல்லில் பொறித்த பெயர்கள், முற்றத்தை இரண்டாகப் பிரிக்கும் சுவர், கோடியில் கழிப்பறைகள். டார்செட்டின் ஃபோர்டிங்டனில் குருவானவராக இருந்த ஹென்றி மௌல் 1860இல் காப்புரிமை பெற்ற, உலர்ந்த மண்ணைத் தூவும் கழிப்பறை, குழாய்நீர் இல்லாத கிராமப் பள்ளிகளுக்குப் பெரிதும் கைகொடுத்தது. வாயிலுக்கு மேல் நிலம் கொடுத்தவரின் குலச்சின்னமோ, ‘என் ஆட்டுக்குட்டிகளை மேய்ப்பாயாக’ என்ற வேதவசனமோ இருக்கும்.

கொடையாளியின் மனம் கட்டடத்துக்குள்ளேயும் நுழைந்த அரிய எடுத்துக்காட்டு, நார்தம்பர்லாந்தின் ஃபோர்டு கிராமத்தில் 1860இல் எழுந்த பள்ளி. கணவரைக் குதிரை விபத்தில் பறிகொடுத்த லூயிசா என்ற வாட்டர்ஃபோர்டு சீமாட்டி, அந்தக் கிராமத்தையே சீர்படுத்திக் கட்டியபோது இதையும் எழுப்பினார். பிறகு 1862 முதல் 1883 வரை, காயீன்–ஆபேல் முதல் சிறுவன் இயேசு வரை விவிலியத்தில் வரும் பிள்ளைகளின் கதைகளைப் பெரிய நீர்வண்ண ஓவியங்களாகத் தாமே தீட்டிச் சுவர்களின் மேற்பகுதியில் பொருத்தினார். ஓவியத்தில் உள்ள முகங்கள் அந்த ஊர்ப் பிள்ளைகளுடையவை, அவர்களின் பெற்றோருடையவை. பாட அட்டைக்கும் மேசைக்கும் விடப்பட்ட கீழ்ச்சுவர் பள்ளிக்கு, கூரை தொடங்குவதற்கு முன்னுள்ள மேல்சுவர் ஓவியத்துக்கு என்று அந்தக் கூடம் தானாகவே பங்கிட்டுக்கொண்டதை நான் மிகவும் மதிக்கிறேன். 1957 வரை அங்கே வகுப்புகள் நடந்தன. பிள்ளைகள் தங்கள் பாட்டன் பாட்டியின் முகங்களுக்குக் கீழே உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள்!

1870ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம், பள்ளியில்லாத இடங்களில் மக்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியங்களை ஏற்படுத்தியது. கட்டடத்துக்கான அரசு மானியம் அந்த ஆண்டின் முடிவோடு நிற்கப்போகிறது என்று தெரிந்ததும், திருச்சபையினர் விண்ணப்பங்களைக் குவித்தார்கள். 1871 முதல் 1873 வரையான ஆண்டுகள் பொறித்த பள்ளிகள் அதிகமாகக் கண்ணில் படுவது இதனால்தான். லண்டன் பள்ளி வாரியத்தின் கட்டடக் கலைஞரான இ. ஆர். ராப்சன் 1874இல் பள்ளிக் கட்டடக்கலை பற்றி எழுதிய நூலில், தேவாலய உருவம் பள்ளிக்குப் பொருந்தாது, கோதிக் சன்னல் போதிய வெளிச்சம் தராது என்று வாதிட்டார். வெளிச்சத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரியே. ஈயப் பட்டையிட்ட சிறு கண்ணாடிகளின் வழியே, டிசம்பர் மாதத்தில், மூன்றாம் வரிசைக்கு என்ன வெளிச்சம் வந்திருக்கும்? பிற்கால அரசு விதிகள், எழுதும் கையின் நிழல் தாளில் விழாதபடி வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும், சன்னலின் அடிவிளிம்பு 4 அடிக்கு மேல் போகக் கூடாது, மேல்விளிம்பு உட்கூரையை எட்ட வேண்டும் என்றன. பழைய பள்ளிகளில் சன்னலுக்குக் கீழே மட்டும் கல்லின் நிறம் மாறியிருந்தால், பின்னாளில் அதைத் தாழ்த்தியிருக்கிறார்கள் என்று அறியலாம். 1880இல் வருகை கட்டாயமானதும் இடம் போதாமல், திரைச்சீலைக்குப் பதில் மரமும் கண்ணாடியும் கொண்ட மடக்குத் தடுப்புகள் வந்தன. புதிய அறைகளும் ஒட்டிக்கொண்டன.

ஆனாலும் சிற்றூர்களில் ஒற்றைக் கூடம் தொடர்ந்தது. வேல்ஸின் லாம்பீட்டருக்கு அருகில் 1880இல் கட்டப்பட்டு 1916இல் மூடப்பட்ட மைஸ்டிர் பள்ளி அதற்குச் சான்று. ஓர் ஆசிரியர் போதுமான அளவு பிள்ளைகளே இருந்த இடத்தில், பயிற்சியாளர் முறைக்கான நீளம்கூடத் தேவைப்படவில்லை. 1984இல் அதைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கார்டிஃப் அருகே செயின்ட் ஃபேகன்ஸ் அருங்காட்சியகத்தில் மீண்டும் நிறுவினார்கள்.

மூடப்பட்ட மற்றப் பள்ளிகளின் நிலைக்கு இரு காரணிகள் உண்டு. ஒன்று சட்டம்: 1841 சட்டத்தின்படி கொடுத்த நிலம், பள்ளி நின்றால் கொடையாளியின் வழித்தோன்றல்களுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. யாருக்கு என்று கண்டறிவதற்குள் கட்டடம் பாழடைந்துவிடுவதுண்டு. நிலம் தானாகத் திரும்புவதற்குப் பதிலாக, அறங்காவலர்கள் அதை விற்று உரியவர்களுக்காகத் தொகையை வைத்திருக்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. மற்றது சந்தை: பெரும்பாலானவை வீடுகளாகின்றன. வீடாக்குபவர்கள் முதலில் செய்வது கூடத்தின் நடுவே ஒரு மாடித்தளம் போடுவதுதான். அது உயர்ந்த சன்னலைக் குறுக்கே வெட்டி, 7,200 கன அடிக் காற்றை இரண்டு தாழ்ந்த அறைகளாக்கிவிடும். என் பார்வையில், முகப்பைச் சிதைப்பதைவிட இதுவே பெரிய இழப்பு. வெளிச்சுவரைக் காப்பதில் காட்டும் அக்கறையைக் கூடத்தின் வெற்றுவெளிக்கும் காட்ட வேண்டும். சுண்ணச்சாந்து பூசிய கல்லிடுக்குகளில் சிமெண்டை அடைப்பதும் தீங்கே. ஈரம் வெளியேற வழியின்றிக் கல்லே உதிர்ந்துபோகும்.

நேரில் பார்க்க எண்ணினால், ஹிட்சின், செயின்ட் ஃபேகன்ஸ், ஃபோர்டு என்ற வரிசையில் பாருங்கள். கற்பித்தல் முறை, தனித்த சிறு கூடம், கொடையாளியின் கை என்று மூன்றையும் அந்த வரிசை தெளிவாகக் காட்டும்.